கருவை டெஸ்ட் செய்து வைத்தால் குழந்தை உறுதியா?

ஒரு வாசகியின் கேள்வி, 3 மார்ச் 2025

எனக்கு வயது 32. ஐவிஎஃப், அதாவது முட்டையையும் விந்தணுவையும் வெளியே சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை, ஆரம்பிக்கப் போகிறோம். இரண்டு குடும்பத்திலும் பரம்பரை நோய் எதுவும் இல்லை. ஒருமுறை கரு தங்கி எட்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது. கருக்களை எல்லாம் மரபணுச் சோதனைக்கு அனுப்பி, நல்லது என்று வருவதை மட்டும் கருப்பையில் வைத்தால் குழந்தை உறுதி என்கிறார்கள். செய்யாமல் விட்டுப் பின்னால் வருத்தப்படுவோமோ என்று பயமாக இருக்கிறது. செய்தவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

நானும் என் கணவரும் செய்தோம், அதனால் எழுதுகிறேன். ஆனால் எங்கள் காரணம் வேறு. இருவருமே பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர், அதாவது அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் கோளாறு உள்ளவர்கள். எங்களுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது, ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அவ்வளவுதான். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோய் வர 4-ல் 1 வாய்ப்பு இருந்தது. அது வந்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும். எங்கள் கருக்களிடம் நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: இந்த நோய் வருமா, வராதா? அதற்கு நேரான பதில் கிடைக்கும்.

உங்களுக்குச் சொல்லியிருப்பது அந்தச் சோதனை இல்லை. கருவை வைப்பதற்கு முன் செய்யும் மரபணுச் சோதனைக்குப் பிஜிடி என்று பெயர், அந்த ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. நாங்கள் செய்தது பிஜிடி-எம், தெரிந்த ஒரு மரபணுக் கோளாறைத் தேடுவது. உங்களுக்குச் சொல்வது பிஜிடி-ஏ, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் சரியாக 46 இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது. மூன்றாவது பிஜிடி-எஸ்ஆர். தாய்க்கோ தந்தைக்கோ குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருந்தால் அது தேவைப்படும். இதில் எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். "ஜெனடிக் டெஸ்ட்" என்று மொத்தமாகச் சொல்லும்போது பரம்பரை நோய் அத்தனையையும் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பிஜிடி-ஏ தலசீமியாவைப் பார்க்காது, செவித்திறன் குறைவைப் பார்க்காது, ஆட்டிசத்தைப் பார்க்காது.

4 மார்ச்

உறுதி என்று சொன்னவர் யாராக இருந்தாலும் அது தவறு.

குரோமோசோம் சரி என்று ரிப்போர்ட் வந்த கருவிலும் குழந்தையாகப் பிறப்பது ஏறத்தாழ பாதி, நல்ல லேப்பில் அதைவிடக் கொஞ்சம் மேலே. மற்றவை ஒட்டாது, அல்லது ஒட்டிக் கலையும். இது உங்களைப் பயமுறுத்தச் சொல்வதில்லை. ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று பார்த்த நிமிடமே குழந்தைக்குப் பெயர் தேட ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கரு ஒட்டாதபோது, "கரு நல்லதுதானே, அப்போது என் உடம்புதான் சரியில்லை" என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டார்கள். அது நியாயமே இல்லை. ஒரு கரு குழந்தையாவதற்குக் குரோமோசோம் எண்ணிக்கை ஒரு நிபந்தனை மட்டும்தான்.

5 மார்ச்

சோதனை எப்படி நடக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இது புரிந்தால் மற்றதில் பாதி தானாகப் புரியும்.

கருமுட்டைகளை எடுத்ததும் பெரும்பாலும் இக்சி முறையில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவைச் செலுத்துவார்கள். சோதனை செய்யும்போது இக்சியை விரும்புவதற்குக் காரணம் உண்டு. முட்டையின் மேலே வேறு விந்தணுக்கள் ஒட்டியிருந்தால் அவற்றின் டிஎன்ஏ கலந்து முடிவைக் குழப்பிவிடும். முட்டையைச் சுற்றியுள்ள தாயின் செல்களையும் அதனால்தான் சுத்தமாக நீக்குகிறார்கள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கரு பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு வரும். அப்போது அதில் நூறு, இருநூறு செல்கள் இருக்கும். உள்ளே சிறு கொத்தாக இருப்பதுதான் குழந்தையாக வளரும் பகுதி. வெளியே சுற்றியிருக்கும் அடுக்கு பின்னால் நஞ்சுக்கொடியாகும். எம்ப்ரியாலஜிஸ்ட், அதாவது லேப்பில் கருக்களைக் கையாளும் நிபுணர், லேசரால் சிறு திறப்பு போட்டு, வெளி அடுக்கிலிருந்து ஐந்து முதல் பத்து செல்களை எடுப்பார். குழந்தையாகும் கொத்தைத் தொடுவதில்லை. எடுத்த செல்கள் மரபணு லேப்புக்குப் போகும், கரு உறைநிலைக்குப் போகும். முடிவு வர நாளாகும், அதனால் பெரும்பாலும் அந்த மாதமே கருவை வைக்க முடியாது.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, சோதனைக்குப் போவது கரு இல்லை, வருங்கால நஞ்சுக்கொடியின் சில செல்கள். உள்ளே இருப்பதும் அப்படியே இருக்கும் என்று நாம் ஊகிக்கிறோம். பெரும்பாலும் ஊகம் சரியாக இருக்கும், எப்போதும் இல்லை. இரண்டு, ஐந்தாம் நாள்வரை வளரும் கருவுக்குத்தான் சோதனை. முட்டைகளில் கருவுறுபவை ஏறக்குறைய 70 சதவீதம், அவற்றிலும் பிளாஸ்டோசிஸ்ட் ஆவது பாதி அல்லது அதற்குக் கீழே. சோதனை என்ற பேச்சு வருவதற்கு முன்பே எண்ணிக்கை இவ்வளவு குறைந்துவிடும்.

5 மார்ச், இரவு

மதியம் எழுதியதில் விட்டுப்போனது. சோதனை கருவைச் சரிசெய்வதில்லை. கையில் இருக்கும் கருக்களில் எதை முதலில் வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்று மட்டும்தான் சொல்கிறது. நான்கு கரு இருந்தால் சோதனைக்குப் பிறகும் அதே நான்குதான், அல்லது அதைவிடக் குறைவு. இதை எங்களுக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம் என்று இன்னும் தோன்றுகிறது.

6 மார்ச்

"எனக்கு 41, எனக்கும் இதே பதில்தானா?" என்று கேட்டவருக்கு: இல்லை. வயது இதில் பெரிய விஷயம்.

ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, செல் பிரிதலின் பாதியில் நின்றுவிடுகின்றன. குரோமோசோம் ஜோடிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் அத்தனை வருடமும் அப்படியே காத்திருக்க வேண்டும். காலம் போகப் போக அந்தப் பிடி தளர்கிறது. முட்டை கடைசியில் பிரியும்போது ஒரு குரோமோசோம் அதிகமாகவோ குறைவாகவோ போய்விடுகிறது. இருபதுகளின் பிற்பகுதியில்தான் இது மிகக் குறைவு. 35 வயதில் சோதனை செய்த பிளாஸ்டோசிஸ்ட்களில் மூன்றில் ஒன்றுக்கு எண்ணிக்கை தவறாக இருக்கும், 40-ல் பாதிக்கும் மேல், 43-ஐத் தாண்டினால் ஐந்தில் நான்குக்கு மேல்.

அதனால் 41 வயதில், பல பிளாஸ்டோசிஸ்ட்கள் கையில் இருந்தால், எதை முதலில் வைப்பது என்று தெரிந்துகொள்வது பல மாதங்களையும் சில கருச்சிதைவுகளையும் மிச்சப்படுத்தலாம். ஒரே ஒரு கரு இருந்தால் கணக்கு வேறு. அதை நேராக வைத்துப் பார்ப்பதா, சோதனைக்கு அனுப்பி, உறைய வைத்து, உருக்கி வைப்பதா? சோதனை அந்த ஒன்றின் வாய்ப்பைக் கூட்டாது. ஆனால் கலைந்துபோகும் கர்ப்பத்தை இன்னொரு முறை தாங்க முடியாது என்பவருக்கு அந்த ஒரு கருவையும் சோதிப்பதில் அர்த்தம் இருக்கிறது. இதை உங்கள் இடத்தில் இருந்து நீங்கள்தான் முடிவு செய்ய முடியும்.

8 மார்ச்

"இவ்வளவு முன்னேறிய காலத்தில் டெஸ்ட் செய்யாமல் கருவை வைப்பது பழைய பழக்கம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடு இல்லை. கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

இது தொடங்கியது குரோமோசோம் எண்ணுவதற்காக இல்லை. 1990-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹாண்டிசைடும் ராபர்ட் வின்ஸ்டனும் அவர்கள் குழுவும், ஆண் குழந்தைகளைத் தாக்கும் கடுமையான நோய் இருந்த குடும்பங்களுக்காகக் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து, பெண் கருக்களை மட்டும் வைத்தார்கள். 1992-ல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற ஒரே நோயைத் தேடிச் சோதித்த கருவிலிருந்து குழந்தை பிறந்தது. கேள்வி தெளிவாக இருந்த இடத்தில் சோதனை முதலிலிருந்தே நன்றாக வேலை செய்தது.

அப்புறம் வந்ததுதான், நோய் எதுவும் இல்லாத தம்பதிகளுக்கும் குரோமோசோம் எண்ணிப் பார்த்தால் கர்ப்பம் கூடும் என்ற யோசனை. கேட்பதற்கு மிகச் சரியாக இருக்கும். மூன்றாம் நாள் எட்டு செல் கருவில் ஒரு செல்லை எடுத்து, சில குரோமோசோம்களை மட்டும் எண்ணினார்கள். உலகம் முழுக்கப் பரவியது. 2007-ல் நெதர்லாந்தில் 35 முதல் 41 வயதுள்ள 408 பெண்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. சோதனை செய்தவர்களில் 24 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, செய்யாதவர்களில் 35 சதவீதத்தினருக்கு. அதாவது உதவி என்று நம்பிச் செய்தது குழந்தைகளைக் குறைத்துவிட்டது. செல் எடுத்ததால் கருவுக்கு ஏற்பட்ட பாதிப்பு, அந்த வயதுக் கருவில் செல்லுக்குச் செல் இருக்கும் வித்தியாசம், சில குரோமோசோம்களை மட்டும் பார்த்த பழைய முறை என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன.

இன்றைய முறை அதைவிட எவ்வளவோ மேல், அதை மறுக்கவே இல்லை. ஐந்தாம் நாளில் செல் எடுக்கிறார்கள், எல்லாக் குரோமோசோமையும் பார்க்கிறார்கள். அப்படியும் சீனாவில் 1,212 பெண்களிடம் செய்து 2021-ல் வெளிவந்த பெரிய ஆய்வைப் பாருங்கள். வயது 20 முதல் 37, எல்லோரிடமும் குறைந்தது மூன்று நல்ல பிளாஸ்டோசிஸ்ட். மூன்று முறைவரை கரு வைத்த பிறகு, சோதனை செய்தவர்களில் 77.2 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 81.8 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. 32 வயதுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான எண் என்னிடம் இல்லை.

9 மார்ச்

நேற்று நான் எழுதியதை வைத்து "அப்படியானால் சோதனை ஏமாற்று வேலை" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதுவும் சரியில்லை. அதே ஆய்வில் கருச்சிதைவு சோதனை செய்தவர்களிடம் 8.7 சதவீதம், செய்யாதவர்களிடம் 12.6. பிரிட்டனில் ஐவிஎஃப் சிகிச்சையைக் கண்காணிக்கும் அமைப்பும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் நிறம் கொடுத்து மதிப்பிடுகிறது. பெரும்பாலான தம்பதிகளுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுமா என்ற கேள்விக்குச் சிவப்பு, கருச்சிதைவைக் குறைக்குமா என்ற கேள்விக்குப் பச்சை.

ஒரு கர்ப்பம் கலையும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பச்சை சின்ன விஷயம் இல்லை. அதற்காக மட்டுமே ஒருவர் சோதனை செய்தால் நான் முழு மனதோடு ஆதரிப்பேன். எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

10 மார்ச்

கேள்வி கேட்டவர் தன் கருச்சிதைவைப் பற்றித் திரும்பவும் எழுதியிருக்கிறார். கலைந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உறுதியான கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை கலைகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் பாதிக்கு மேல் குரோமோசோம் எண்ணிக்கை தவறியவை. ஒருமுறை அப்படி ஆனதால் அடுத்த கருவும் அப்படித்தான் என்று அர்த்தம் இல்லை.

திரும்பத் திரும்பக் கலைந்தால் முதலில் கருவைச் சோதிக்க வேண்டாம், உங்கள் இருவரின் ரத்தத்தில் கேரியோடைப், அதாவது குரோமோசோம்களின் எண்ணிக்கையும் அமைப்பும், பார்க்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி இருக்கும், அவருக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் கருக்களில் பலவற்றுக்குத் துண்டு கூடியோ குறைந்தோ போகும். அவர்களுக்குத்தான் பிஜிடி-எஸ்ஆர். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை, அதைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை இருப்பது எனக்குக் கோபமாக வருகிறது.

12 மார்ச்

எங்கள் கதையை எழுதச் சொல்லிப் பலர் கேட்டதால்.

பிஜிடி-எம் செய்வதற்கு முன் லேப் எங்கள் குடும்பத்துக்கென்றே ஒரு சோதனையைத் தயாரிக்க வேண்டியிருந்தது. தலசீமியாவை உண்டாக்கும் மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எனக்கு ஒன்று, கணவருக்கு வேறொன்று. சில செல்களிலிருந்து கிடைக்கும் டிஎன்ஏ மிகக் குறைவு. அதைப் பலமடங்காகப் பெருக்கும்போது இரண்டு பிரதிகளில் ஒன்று பெருகாமலே போய்விடலாம். அப்படிப் போனால் நோய் உள்ள கருவை நல்லது என்று படித்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் கோளாறான இடத்தை மட்டும் பார்ப்பதில்லை. 11-ஆம் குரோமோசோமில் அந்த மரபணுவின் இரண்டு பக்கமும் இருக்கும் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். எந்த அடையாள வரிசை கோளாறோடு சேர்ந்து வருகிறது என்று தெரிய, குடும்பத்தில் இன்னொருவரின் ரத்தம் வேண்டும்.

என் அப்பா உயிரோடு இல்லை. கோளாறு அவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், அம்மாவுக்குக் கிடையாது. இனி என்ன செய்வது என்று நான் உடைந்துபோனேன். ஜெனடிக் கவுன்சிலர் சொன்னார், அம்மாவின் ரத்தமே போதும் என்று. அம்மாவிடமிருந்து எனக்கு வந்த வரிசை நல்ல வரிசை, அதைக் கழித்தால் மிச்சம் இருப்பது அப்பாவுடையது. அன்று அந்த அறையில் அவர் காகிதத்தில் இரண்டு கோடு போட்டுக் காட்டியது எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான மருத்துவ விளக்கம். கணவரின் பெற்றோர் இருவரும் கேள்வி கேட்காமல் வந்து ரத்தம் கொடுத்தார்கள்.

இந்தத் தயாரிப்புக்கே வாரக்கணக்கில் ஆகும். முட்டை எடுக்கும் தேதி குறிப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

கணக்கும் சொல்கிறேன். 4-ல் 3 கருவுக்கு மேஜர் இருக்காது. அவற்றில் குரோமோசோமும் சரியாக இருப்பது பாதி என்று வைத்தால் 8-ல் 3. ஏற்கெனவே நோயுள்ள ஒரு குழந்தை இருந்து, அவனுக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்கப் பொருந்தும் தம்பியோ தங்கையோ வேண்டும் என்றால், திசுப் பொருத்தம் இன்னொரு 4-ல் 1. நோயும் இல்லாமல் பொருத்தமும் இருப்பது 16-ல் 3. அதிலும் குரோமோசோம் பார்த்துக் கழிக்க வேண்டும். அந்தப் பாதையில் போகும் பெற்றோரை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

13 மார்ச்

"கேரியர் என்று வந்த கருவைத் தூக்கிப் போடுவார்களா?" இல்லவே இல்லை. நானே கேரியர். கேரியர் கரு ஆரோக்கியமான குழந்தை. அதைக் கழித்துவிட வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள், விடாதீர்கள்.

15 மார்ச்

எழுதத் தயங்கிய பகுதி இது.

பிஜிடி-எம்மோடு பிஜிடி-ஏவும் சேர்த்துச் செய்தார்கள், பல இடங்களில் இப்போது அப்படித்தான். முடிவு வந்தபோது வைக்கக்கூடியவையாக மிஞ்சியவை மிகச் சில. ஒன்று கேரியர், குரோமோசோம் சரி. இன்னொன்றில் தலசீமியா மாற்றம் எதுவுமே இல்லை, ஆனால் "மொசைக்".

சிகிச்சை எடுத்த இடத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள்: "இது மொசைக், டிஸ்கார்டு பண்ணிடலாமா?" ஒரே மூச்சில் அந்தக் கேள்வியும். எத்தனை சதவீதம், எந்தக் குரோமோசோம், என்ன அர்த்தம், எதுவும் சொல்லவில்லை. என் கணவர், "எழுத்தில் ரிப்போர்ட் வராமல் எதையும் செய்யக் கூடாது" என்று சொல்லி வைத்தார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

மொசைக் என்றால் எடுத்த செல்களில் சிலவற்றில் எண்ணிக்கை சரியாகவும் சிலவற்றில் தவறாகவும் இருக்கிறது போலத் தெரிவது. பொதுவாக 20 சதவீதத்துக்குக் கீழே தவறு என்றால் நார்மல், 80-க்கு மேல் என்றால் தவறானது, நடுவில் மொசைக் என்று பிரிக்கிறார்கள். இந்தக் கோடுகள் மனிதர்கள் வரைந்தவை, லேப்புக்கு லேப் மாறும். எடுப்பதே ஐந்தாறு செல், அதில் தொழில்நுட்பத்தின் சலசலப்பும் கலந்திருக்கும். தவறின் சதவீதம் குறைவான மொசைக் என்பதில் ஒரு பகுதி உண்மையில் சாதாரணக் கருதான்.

2015-ல் இத்தாலியில் ஒரு குழு, வேறு கரு இல்லாத 18 பெண்களுக்கு மொசைக் கருவை வைத்தது. ஆரோக்கியமான குழந்தைகள் 6 பிறந்தன. அதுவரை அப்படிப்பட்ட கருக்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். 2021-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் லேபுக்கு மட்டும் தெரியும்படி மொசைக் அளவை மறைத்துக் கருக்களை வைத்தார்கள். 50 சதவீதத்துக்குக் கீழான மொசைக் கருக்களிலும் நார்மல் கருக்களிலும் குழந்தை பிறந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றேதான்.

நாங்கள் முதலில் கேரியர் கருவை வைத்தோம். ஒட்டவில்லை. அப்புறம் நீண்ட யோசனைக்கும் கவுன்சிலரோடு பேசியதற்கும் பிறகு மொசைக்கை வைத்தோம். அந்தக் கருதான் இப்போது பக்கத்து அறையில் தூங்காமல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

16 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "மொசைக் என்றால் பயமே வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஒரு அனுபவம் யாருக்கும் ஆதாரம் ஆகாது. தவறிய செல்கள் அதிகமாக உள்ள மொசைக்கில் ஒட்டும் வாய்ப்பு குறைகிறது, கலையும் வாய்ப்பு கூடுகிறது. எந்தக் குரோமோசோம் என்பதும் முக்கியம். 21, 18, 13 போன்றவை கூடுதலாக இருந்தும் கர்ப்பம் தொடர முடியும், அதனால் அங்கே எச்சரிக்கை அதிகம். நார்மல் கரு இருந்தால் அதை முதலில் வைப்பதுதான் வழக்கம், நாங்களும் அப்படித்தான் செய்தோம். என் வாதம் ஒன்றுதான்: மொசைக்கை "தவறானது" என்ற பெட்டியில் போட்டு அழிக்கக் கூடாது.

20 மார்ச்

"அப்படியானால் முழுவதும் தவறு என்று வந்த கருவையும் வைத்துப் பார்க்கலாமே" என்ற கேள்விக்கு. அமெரிக்காவில் ஒரு ஆய்வில், சோதனை முடிவை யாரும் பார்க்காமல் கருக்களை வைத்துவிட்டு, பிறகு முடிவைத் திறந்து பார்த்தார்கள். 2021-ல் வெளியானது. எல்லாச் செல்லிலும் எண்ணிக்கை தவறு என்று வந்திருந்த 102 கருக்களில் ஒன்றுகூடக் குழந்தையாகவில்லை. நல்ல லேப், நல்ல முறை என்றால் தெளிவான "தவறு" என்ற முடிவை நம்பலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் எல்லா லேப்பின் முறையும் இப்படி முடிவை மறைத்து வைத்துச் சோதிக்கப்பட்டதில்லை. உங்கள் லேப்பின் முறை அப்படிச் சோதிக்கப்பட்டதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியதும் இதோடு சேரும். மொசைக்கைத் தனியாகத் தெரிவிப்பார்களா, அல்லது நார்மல், தவறு என்று இரண்டாக மட்டும் பிரிப்பார்களா? மொசைக் கருவை வைக்க அந்த இடத்தில் சம்மதிப்பார்களா? எந்தக் கருவையும் எழுத்து மூலம் எங்கள் சம்மதம் இல்லாமல் அழிக்க மாட்டார்களா? பயாப்ஸி, அதாவது கருவிலிருந்து செல் எடுக்கும் வேலை, செய்யப் போகும் எம்ப்ரியாலஜிஸ்ட்டுக்கு இதில் எவ்வளவு அனுபவம்? அந்தக் கை மிக முக்கியம். தேவைக்கு அதிகமாகச் செல் எடுத்தால் கருவின் வாய்ப்பு குறையும்.

24 மார்ச்

கேட்கவே சங்கடமான இரண்டு கேள்வி வந்திருக்கிறது.

பாலினம்: ஆமாம், சோதனையில் தெரியும். நோய்க் காரணம் இல்லாமல் அதை வைத்துத் தேர்ந்தெடுப்பது பல நாடுகளில் குற்றம். இருக்க வேண்டியதும் அப்படித்தான். ஆண் குழந்தைகளை நோயிலிருந்து காப்பாற்ற 1990-ல் பிறந்த ஒரு முறையைப் பெண் குழந்தைகளைத் தடுக்கப் பயன்படுத்துவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். இதற்கு மேல் இங்கே இதைப் பேசப் போவதில்லை.

"அறிவு, உயரம், சர்க்கரை நோய் வாய்ப்பு எல்லாம் மதிப்பெண் போட்டுத் தருகிறார்களாமே": தருகிறார்கள். ஆயிரக்கணக்கான மரபணு இடங்களின் சிறு சிறு தாக்கத்தைக் கூட்டி ஒரு மதிப்பெண். அந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை, மற்றவர்களுக்குப் பொருந்துவது குறையும். ஒரே பெற்றோரின் கருக்களுக்குள் வித்தியாசம் மிகக் குறைவு. 2021-ல் ஐரோப்பிய மனித மரபியல் சங்கம் இதை நிரூபிக்கப்படாத, நெறிக்குப் புறம்பான நடைமுறை என்று வெளிப்படையாகச் சொன்னது. கையில் இரண்டு மூன்று கரு மட்டும் இருப்பவரிடம் இதை விற்பது கொடுமை.

2 ஏப்ரல்

செல் எடுக்காமல், கரு வளர்ந்த திரவத்தில் உதிர்ந்திருக்கும் டிஎன்ஏவை வைத்துச் சோதிக்கும் முறை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கருவைத் தொடாமல் செய்யலாம் என்பதால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திரவத்தில் தாயின் செல்களின் டிஎன்ஏவும் கலந்திருக்கலாம், இருப்பதும் மிகக் குறைந்த அளவு. பயாப்ஸி முடிவோடு ஒத்துப்போவது ஆய்வுக்கு ஆய்வு நிறைய மாறுகிறது. ஒரு கருவை அழிக்கும் முடிவை இதை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம்.

11 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, இருவரும் கேரியோடைப் பார்த்தோம், சரியாக இருக்கிறது, முதலில் சோதனை இல்லாமல் ஒரு கருவை வைக்கப் போகிறோம், மிச்சத்தை உறைய வைக்கிறோம் என்று எழுதியிருக்கிறார். நல்ல முடிவு என்று நினைக்கிறேன். 32 வயதில், பல கருக்கள் இருக்கும்போது, அவை காத்திருக்கும். பின்னால் தேவைப்பட்டால் உறைந்த கருவை உருக்கிச் சோதித்துத் திரும்ப உறைய வைக்கவும் முடியும், ஆனால் இருமுறை உறைவதால் வாய்ப்பு கொஞ்சம் குறையலாம், அதை மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

சோதனை செய்யாததற்காக உங்களை யாராவது அக்கறையில்லாத அம்மா என்று சொன்னால், அவரை இங்கே அனுப்புங்கள்.

13 ஏப்ரல்

கடைசியாக வந்த கேள்வி: "கருவிலேயே சோதித்துவிட்டால் கர்ப்பத்தில் மறுபடி டெஸ்ட் வேண்டுமா?" வேண்டும். பிஜிடி-எம்மில் தவறும் வாய்ப்பு குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. செல் எடுத்தது நஞ்சுக்கொடிப் பகுதியிலிருந்து, நமக்குத் தெரிய வேண்டியது குழந்தையைப் பற்றி. 10-ஆம் வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம், 15-ஆம் வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். மொசைக் கருவை வைத்தவர்களுக்குப் பனிக்குட நீர்ச் சோதனைதான் பொருத்தம், அதில் குழந்தையின் செல்களே இருக்கும். தாயின் ரத்தத்தில் பார்க்கும் என்ஐபிடியும் பெரும்பாலும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏவைத்தான் படிக்கிறது, அதனால் எங்கள் நிலையில் அது போதவில்லை. திசுவையோ பனிக்குட நீரையோ எடுப்பதில் கருச்சிதைவு ஆபத்து சிறிது உண்டு என்பதால் சிலர் ஸ்கேனோடு நிறுத்திக்கொள்வார்கள், அதுவும் அவர்கள் உரிமை. நாங்கள் பனிக்குட நீரைச் சோதித்தோம். தலசீமியா இல்லை, குரோமோசோம் 46. சோதனைக்கு அனுப்பும் படிவத்தில் இது மொசைக் கரு என்பதையும் எந்தக் குரோமோசோம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதினால்தான் லேப்பில் அந்த இடத்தைத் தனியாகக் கவனித்து, வழக்கத்தைவிட அதிகச் செல்களை எண்ணிப் பார்ப்பார்கள்.